வக்கீல் கதைக்குச் சிரித்தவள்

எங்கள் வீட்டில் அந்த நாவலை யாரும் அதன் பெயரைச் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. வக்கீல் கதை என்றுதான் சொல்வோம். அட்டை போய்விட்ட பழைய பிரதி. அப்பா அதற்குக் காலிகோத் துணி போட்டு பைண்டு செய்து, பீரோவில் பக்திப் புத்தகங்கள் இருக்கும் தட்டிலேயே வைத்திருந்தார். அப்பா தென்காசிக் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். வக்கீல் ஒன்றைச் சொன்னால் ஜட்ஜே தலையாட்டித்தான் ஆகவேண்டும், நாம் எம்மாத்திரம் என்பது அவர் கட்சி. கதை சொல்கிறவரும் ஒரு வக்கீலாகப் போய்விட்டதால் அந்தப் புத்தகத்தில் ஒரு வரியைக்கூட அவர் சந்தேகப்பட்டதில்லை.

கதை பெரிதொன்றுமில்லை. வயதான ஒரு வக்கீல், செத்துப்போன தன் மனைவியை நினைத்துத் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்கிறார். சிறு பெண்ணாக அவள் வீட்டுக்கு வந்தது, தான் அவளைப் பூப்போல வைத்துக் காப்பாற்றியது, அவள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டது, பிறகு புத்தி கலங்கியது, கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே கண்ணை மூடியது. படித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எங்கள் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அவளும் அழுதிருக்கிறாள். முதல் தடவை வாசித்தபோது நானும் அழுதேன். எனக்கு வருகிற மாப்பிள்ளை அந்த வக்கீலைப் போல் இருக்கவேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டேன். சாமிக்கு அன்று காது கேட்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

என் அக்காவை வடகரையில் கட்டிக்கொடுத்திருந்தது. வயலும் தென்னந்தோப்புமாக நல்ல சொத்துள்ள குடும்பம். அத்தான் அதிர்ந்து பேசாதவர். உண்மையில், அதிராமலும் பேசமாட்டார். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவள் வாய் அடைத்துக்கொண்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பதில் வராது. குழந்தை அழுதால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தானும் கண்ணீர் விடுவாள். பிறகு அந்தக் கண்ணீரும் நின்றுபோயிற்று. இன்றைக்கு இதற்கு டாக்டர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது. அன்று வடகரையில் இருந்த பெயர் வேறு. ஒருநாள் வில்வண்டியில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, “புத்தி தெளியட்டும், பொறவு பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழந்தையை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

அக்கா தின்னும் சோற்றையும் உடுத்தும் துணியையும் பற்றிக் கவலைப்படவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். வாய் திறந்து கேட்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பிள்ளை வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் புத்தி கலங்கியவர்களுக்குக் குற்றாலம்தான் மருந்து. சாரல் நாட்களில் தலை நிறையத் தைலம் தேய்த்து அருவிக்குக் கீழே நிறுத்துவார்கள். விழுகிற தண்ணீர் உச்சந்தலையில் அறைந்து அறைந்து சூட்டை இறக்கிவிடும் என்பது நம்பிக்கை. வெளியூர்க்காரர்கள் சீசன் அனுபவிக்க வந்து எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு மங்குஸ்தான் பழம் வாங்கித் தின்பார்கள். அவர்களுக்கு நடுவிலேயே இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, பேந்தப் பேந்த விழிக்கிற மனிதர்களும் நின்று நனைந்துகொண்டிருப்பார்கள். யாரும் அதை விநோதமாகப் பார்த்ததில்லை. அப்பா குற்றாலத்தில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தார். அம்மா, அக்கா, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டோடு இருந்த நான், மூன்று பேரும் அங்கே போனோம். அப்பா தென்காசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு மண்டலம் குளிக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

அந்த வைத்தியர் இன்னொரு கட்டளையும் போட்டிருந்தார். அருவியில் குளித்தவள் பகலில் தூங்கக்கூடாது. தூங்கினால் இறங்கின சூடு திரும்ப ஏறிக்கொள்ளும். தைலமும் அருவியும் சேர்ந்தால் கல்லுக்கும் தூக்கம் வரும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்காவுக்குக் கண் சொருகும். அம்மா உலுக்குவாள், முகத்தில் தண்ணீர் தெளிப்பாள், ஒரு கட்டத்தில் அவளே சுவரில் சாய்ந்து குறட்டை விடுவாள். கதை வாசித்துக் காட்டினால் முழித்திருப்பாள் என்று யோசனை சொன்னது வீட்டுக்கார அம்மாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வரும்போது வக்கீல் கதையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் மனசில் வேறொரு கணக்கும் இருந்தது. அக்கா மாதிரியே பேச்சு நின்றுபோன ஒரு பெண்ணின் கதை. புருஷன் என்ன பாடுபட்டான் என்று கேட்டால் இவள் மனசும் இளகும்.

“கல்லு மாதிரி உக்காந்திருக்கா. ஒரு சொட்டுக் கண்ணீரு வரட்டும், எல்லாம் தெளிஞ்சிரும்” என்றாள் வீட்டுக்கார அம்மாள். அது அவள் மட்டும் சொன்னதல்ல. துக்கத்தில் உறைந்துபோனவள் அழுதுவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். அதனால் நான் வாசிக்கிற நேரமெல்லாம் அம்மாவும் அந்த அம்மாளும் என்னைப் பார்க்கமாட்டார்கள். அக்காவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு வாசிக்கப் பிடிக்கும். குரலை ஏற்றி இறக்கி, வக்கீல் பெருமூச்சு விடுகிற இடத்தில் நானும் பெருமூச்சு விட்டு வாசிப்பேன். வெளியே சாரல் தூறிக்கொண்டிருக்கும். கூரையில் குரங்குகள் ஓடும். அருவிச் சத்தம் எந்நேரமும் பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கும். வக்கீல் தன் பிரம்மாண்டமான வீட்டையும், குதிரை வண்டியையும், ஜெயித்த கேஸுகளையும் வர்ணித்துவிட்டுத்தான் மனைவியிடமே வருவார். அவர் எப்போது வருவார் என்று நாங்கள் காத்திருப்போம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடப்பது போலவே எனக்கு இருக்கும். அவர் காட்டியதைத்தான் பார்த்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

மனைவியின் தம்பி ஊரிலிருந்து அவளைப் பார்க்க வருகிற இடம் ஒன்று உண்டு. கூடத்தில் கட்சிக்காரர்கள் இருந்ததால் பையனை வாசலில் உட்காரச் சொன்னதாகவும், வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு அவன் அக்காவைப் பார்க்காமலே போய்விட்டதாகவும் வக்கீல் சொல்வார். பொறுமை இல்லாத பையன் என்று வருத்தப்படுவார். அடுத்த வரியிலேயே, அன்று இரவு தன் மனைவி ஏன் சாப்பிடவில்லை என்பது இன்றுவரை தனக்கு விளங்கவில்லை என்பார். நான் தழுதழுத்த குரலில் வாசித்து நிறுத்தினேன்.

அக்கா சிரித்தாள்.

உதட்டோரச் சிரிப்பு இல்லை. தோள் குலுங்க, சத்தம் போட்டு, கண்ணில் நீர் வர. மாதக்கணக்கில் அவள் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அது. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அம்மா திருநீற்று மடலை எடுக்க ஓடினாள். வீட்டுக்கார அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “ஐயோ, முத்திட்டு போலிருக்கே” என்றாள்.

சாயங்காலம் அக்காவின் தலைமுடிக்குச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பயந்துகொண்டே கேட்டேன். “என்னக்கா, அப்பிடிச் சிரிச்சிட்ட?”

புகைக்கு விலகித் தலையைத் திருப்பினாள். பிறகு கரகரத்த குரலில், புதுசாகப் பேசிப் பழகுகிறவளைப் போல, “தம்பியத் தண்ணி கூடக் குடுக்காம வெளிய உக்கார வச்சிருக்காரு. அவ ஏன் சாப்பிடலன்னு தெரியலையாமே” என்றாள்.

“அவியளுக்கு நெசமாவே தெரியாதுக்கா.”

“அதத்தாம்ட்டி சொல்லுதேன். அவருக்குத் தெரியாது. ஆனா நமக்கு அவருதான் சொல்லுதாரு. தவளை தன் வாயால கெடுங்குத மாதிரி.”

மழை பெய்து பின்பக்கம் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அக்கா பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தைவிட எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் கண்ணீர் விட்டு ரசித்த கதையை இப்படிச் சொல்கிறாளே என்ற கோபம். “கதை சொல்லுதவரையே நம்பலேன்னா பொறவு என்னத்துக்குக் கதை கேக்கணும்?” என்றேன். “நம்பாமக் கேட்டுப் பாரேன். இன்னும் நல்லாருக்கும்” என்றாள். அவ்வளவுதான். திரும்ப வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் நம்பாமல் வாசித்தேன். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மனைவிக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த பசு கத்துவது கேஸ் கட்டுப் படிக்க இடைஞ்சலாக இருந்ததால் விற்றுவிட்டேன், என்ன காரணமோ அன்றிலிருந்து அவள் மோர் குடிப்பதை விட்டுவிட்டாள் என்கிறார். அவள் இருமல் தனக்குக் கேட்காதபடி படுக்கையைப் பின்கட்டுக்கு மாற்றினேன், அவளுக்கு எப்போதும் தனிமைதான் பிடிக்கும் என்கிறார். முன்பு இவற்றை எல்லாம் வாசித்தபோது என் கண் எங்கே போயிருந்தது? வக்கீலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் தோளுக்குப் பின்னால் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவர் மறைத்துக்கொண்டு நின்றதால் தெரியவில்லை. மோர் இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா, “அவளுக்குத்தான் புத்தி சரியில்ல. ஒனக்கு என்னட்டி வந்துட்டு?” என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்த நாட்களில் நான் அனுபவித்த வாசிப்பை அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் அனுபவித்ததில்லை. வாசிப்பது நான், கேட்பது மூன்று பேர். இரண்டு பேர் அழுகிறார்கள், ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். ஒரே வரிதான். அம்மாவின் காதுக்கு ஒரு கதையும் அக்காவின் காதுக்கு வேறொரு கதையும் போய்ச் சேர்ந்தன. அம்மா அழுதது பொய்யா என்றால் இல்லை. அவள் அந்த மனிதரோடு இருந்தாள், அவர் துக்கம் அவளுக்குத் துக்கமாக இருந்தது. அக்கா அந்த மனிதரை எதிரில் உட்கார வைத்துப் பார்த்தாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தவள் அவள். கதவு எப்படி மூடப்படும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலங்களில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே அக்கா இரண்டு வார்த்தை, நான்கு வார்த்தை என்று பேச ஆரம்பித்தாள். வக்கீலைப் பற்றித்தான் பேச்சு. வடகரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரே ஒருநாள் மட்டும், “பிள்ளைக்கு இப்பம் பல்லு மொளைச்சிருக்கும்லா?” என்று கேட்டாள்.

அருவி குணப்படுத்தியதா, கதை குணப்படுத்தியதா என்று என்னால் சொல்ல முடியாது. அவள் தெளிந்துகொண்டு வந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அம்மா அதைப் பார்க்கவில்லை. அம்மா கண்ணீருக்குக் காத்திருந்தாள்.

மண்டலம் முடிகிற சமயத்தில், வடகரையிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொல்லி அனுப்பினார். அத்தானும் அவர் அம்மாவும். தெளிந்திருந்தால் அப்படியே கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. அம்மா அன்று விடியலிலேயே அக்காவுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டு, தலை நிறையக் கதம்பம் வைத்துவிட்டாள். அக்கா குழந்தைக்கென்று கையால் தைத்திருந்த சின்னச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி வந்து நின்றதும் எழுந்து போய்ப் பார்த்தாள். பிள்ளையை அவர்கள் கொண்டுவரவில்லை. சட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்து, மாமியாரை “வாங்க அத்தை” என்று கேட்டாள். அத்தைக்காரிக்கு முகம் மலர்ந்தது. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. “பாத்தேளா மதினி, எவ்வளவு தெளிவாப் பேசுதான்னு” என்று காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லாரும் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அத்தான் கண்ணில் அந்தப் புத்தகம் பட்டுவிட்டது. எடுத்துப் புரட்டினார். நான் அறிந்து அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு கலகலப்பைப் பார்த்தேன். “இதை நான் எத்தனையோ தடவ வாசிச்சிருக்கேன்” என்றார். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் பேசி நான் கேட்டதில்லை. அத்தைக்காரி, “அப்பிடி என்ன கதை? வாசிக்கச் சொல்லேன், கேப்போம்” என்றாள். கடைசிக் கட்டத்தை வாசிக்கும்படி அத்தானே பக்கத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அம்மா அக்காவின் காதருகில் குனிந்து, “இன்னைக்கு ஒருநாள் சிரிச்சிராதட்டி, ஒனக்குப் புண்ணியமாப் போட்டும்” என்றது எனக்குக் கேட்டது. அக்கா தலையாட்டினாள். முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

நான் உப்புச் சப்பில்லாமல் வாசித்தேன். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எதுவும் யார் மனசிலும் தைக்காமல் போகட்டும் என்று வேகவேகமாக வாசித்தேன். அப்படியும் அந்த எழுத்து சும்மா இருக்கவில்லை. மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். வக்கீல் கால்மாட்டில் நிற்கிறார். அத்தைக்காரி மூக்கை உறிஞ்சினாள். அம்மா கண்ணைத் துடைத்தாள். அக்கா அசையவில்லை. இன்னும் அரைப்பக்கம்தான். இத்தனை வருஷத்தில் நான் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்று வக்கீல் சொல்கிற வரி வந்தது. அதை வாசித்து முடித்தேன்.

அத்தான் கண் கலங்கியிருந்தார். அம்மா பக்கம் திரும்பி, அடைத்த குரலில், “நானும் அப்பிடித்தான் அத்தை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல” என்றார்.

அக்கா பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். கையால் வாயைப் பொத்தினாள், விரலிடுக்கு வழியாக வந்தது. முந்தானையைத் திணித்தாள், அதையும் மீறி வந்தது. கடுஞ்சொல்லா? கல்யாணமான நாள் முதல் அந்த மனிதர் அவளிடம் சொல்லே சொன்னதில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டைத் தட்டுவார், போதும் என்றால் கையைக் கவிழ்ப்பார். பிள்ளை பிறந்த அன்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் தோப்புக்குப் போனவர். அவள் சிரித்ததில் என்ன தப்பு? நான் அவள் இடத்தில் இருந்தால் புத்தகத்தை எடுத்து எறிந்திருப்பேன்.

அத்தைக்காரி எழுந்து நின்றாள். “சாவுக் கதைக்குச் சிரிக்குதா. கட்டின புருஷன் கண் கலங்கி நிக்கான், பாத்துச் சிரிக்குதா. இவ கையில பச்சப்பிள்ளைய எப்பிடிக் குடுக்க?”

“அக்கா சரியாத்தான் சிரிச்சா அத்தை! அந்தக் கதையில…” என்று நான் ஆரம்பித்தேன்.

“ஏட்டி, பைத்தியத்துக்கு நீ வக்காலத்தா?” என்றாள் அவள். அம்மாவும் என் வாயை அடைத்துவிட்டாள். அக்கா சிரிப்பை நிறுத்தி, “அத்தை, பிள்ளைய ஒருதடவ கண்ணுல காட்டுங்க. நான் இனிமே சிரிக்கல. சத்தியமா சிரிக்கல” என்று காலைப் பிடித்தாள். பிறகு அழுதாள். எல்லாரும் எதிர்பார்த்திருந்த கண்ணீர் ஒரு அருவி மாதிரி வந்தது. அதை அப்போது யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி போய்விட்டது.

மறு வருஷம் அத்தான் வேறு பெண் கட்டிக்கொண்டார். பிள்ளையைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகலாமா என்று அப்பா தன் வக்கீலிடம் கேட்டார். சாவுக் கதைக்குச் சிரித்த சங்கதியை எதிர்த்தரப்பு கிளப்பினால் நிற்காது என்று அவர் சொல்லிவிட்டாராம். வக்கீல் சொன்னதால் அப்பா நம்பினார். அக்கா தென்காசியில் எங்களோடு இருந்தாள். சமைத்தாள், தைத்தாள், அப்பாவையும் பிறகு அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அவளைப் போலத் தெளிந்த புத்தியுள்ள ஒருத்தியை அந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை. ஆனால் சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். திருவிழாக் காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசலில், காற்று ஆளைத் தள்ளுகிற இடத்தில் போய் நிற்பாள். வடகரைக் கூட்டம் அந்த வழியாகத்தான் வரும். பாவாடை கட்டிய ஒரு பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவாள். வந்து, “வளந்துட்டா” என்பாள்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்து மேலகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அந்த நாவலை மறுபடி எடுத்து வாசித்தேன். எனக்குத் தீராத கேள்வி ஒன்று இருந்தது. எழுதியவர் தெரிந்துதான் அந்த வக்கீலை அப்படிப் பேசவிட்டாரா, இல்லை அவரும் வக்கீலோடு சேர்ந்து உருகினாரா? ஒரு நாள் தெரிந்துதான் என்று தோன்றும். பசுவுக்கு அடுத்த வரியில் மோரை வைக்கிறவன் தெரியாமல் வைப்பானா? இன்னொரு நாள், ஊரெல்லாம் அழுததே, இவரும் அழுதுகொண்டுதான் எழுதியிருப்பார் என்று தோன்றும். தெரிந்து எழுதியிருந்தால் பெரிய எழுத்தாளர்தான். ஆனாலும் எனக்கு அவர்மேல் ஒரு கோபம் உண்டு. சிரிக்கிற இடம் இது என்று எங்காவது ஒரு சின்ன அடையாளம் வைத்திருந்தால் என் அக்கா அவள் பிள்ளையை வளர்த்திருப்பாள். இது நியாயமில்லாத கோபம் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் இருக்கிறது.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், தாவணி போட்ட ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. பஸ்ஸில் நசுங்கி வந்த களைப்பு. நான் யாரென்று கேட்பதற்குள் எனக்குப் பின்னால் அக்கா, “உள்ள வரச் சொல்லுட்டி” என்றாள். தூரத்திலிருந்தே பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

பெண் உள்ளே வந்து உட்காராமல் நின்றாள். அக்கா முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. என்னைப் பார்த்தே பேசினாள். “சித்தி, நான் வந்தது வீட்டுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“என்னம்மா விஷயம்?” என்றேன்.

“எனக்கும் அந்த நோய் வந்திட்டு சித்தி” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து மெல்ல மெல்லக் கேட்டோம். அவள் வீட்டில் அப்பா ஒரு புத்தகத்தைப் பொக்கிஷம் மாதிரி வைத்திருக்கிறார். பிள்ளைகளைத் தொடவிடமாட்டார். போன வாரம் இவள் எடுத்து வாசித்திருக்கிறாள். வாசிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, கையிலிருந்த புத்தகத்தையும் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டாளாம். ஆத்தாளுக்கு வந்த அதே கோட்டி, அதே கதை, அதே சிரிப்பு என்று. “சாரலுக்குக் குத்தாலத்துக்குக் கொண்டுபோவணும்னு பேசுதாவ. அதான் கேக்க வந்தேன். அந்த நோய் எப்பிடி ஆரம்பிக்கும்? மொதல்ல சிரிப்புதான் வருமா?”

அத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. அந்த வீட்டை, அந்த வக்கீலை, அவரை எழுதியவரை, எல்லாரையும் வைத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்க்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பெண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை, துக்கம் கூட இல்லை. ஒரு ஆவல் இருந்தது.

“எந்த எடத்துலம்மா சிரிச்ச?” என்று கேட்டாள்.

பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சொன்னா கேலி பண்ண மாட்டேளே?”

“சொல்லு.”

“அந்த வக்கீலு வண்டியில கட்டுத குதிரை இருக்குல்லா, அதுக்கு ஒரு பேரு உண்டும். கூப்பிடுதாரு, கொஞ்சுதாரு. அது செத்ததுக்குப் பேரச் சொல்லி அழுவுதாரு. அவரு பொண்டாட்டிக்குப் பேரே கெடையாது. மொதத் தாள்லேர்ந்து கடைசித் தாள் வரைக்கும் தேடிப் பாத்துட்டேன். பூராவும் அவள், அவள்னுதான் இருக்கு. பொண்டாட்டி கதையச் சொல்லுதேன்னு உக்காந்துட்டு, பேரச் சொல்ல மறந்திட்டாரேன்னு நெனச்சேன். சிரிப்பு வந்திட்டு.”

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தம்பியைப் பார்த்தோம், பசுவைப் பார்த்தோம், பின்கட்டுப் படுக்கையைப் பார்த்தோம். இத்தனை வருஷத்தில் இது எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. நான் எழுந்து பீரோவிலிருந்து அப்பாவின் பைண்டு புத்தகத்தை எடுத்தேன். உண்மைதான். குதிரையின் பெயர் முதல் அத்தியாயத்திலேயே கிடைத்தது.

அக்காவின் தோள் குலுங்கியது. பழக்கத்தில் கை வாய்க்குப் போயிற்று. பாதி வழியில் அந்தக் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாய் திறந்து, சத்தம் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். குற்றாலத்துப் பின்கட்டில் சிரித்த அதே சிரிப்பு. பெண் முதலில் மிரண்டுபோய் அவளைப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

அக்கா இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நோயும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நீ எம்பிள்ளைட்டி.”